பெட்டிச் சாவி யாரிடம் இருக்கிறது?

ஆலைகளுக்கு இடர் பகுப்பாய்வு, அதாவது விபத்து நடந்தால் எவ்வளவு தூரம் பாதிக்கும் என்ற கணக்கு, செய்து கொடுப்பதும், பிறர் செய்ததைச் சரிபார்ப்பதும் என் தொழில். அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் வானிலைப் பக்கத்தைத்தான் புரட்டுவேன். பகல் நேரம், மிதமான காற்று என்று ஒரே ஒரு கணக்கு மட்டும் போட்டிருந்தால், மேற்கொண்டு படிக்க மனம் வருவதில்லை.

வெயிலில் தரை சூடாகிக் காற்று மேலும் கீழும் புரளும். கசிந்த வாயு அதில் கலந்து நீர்த்துப்போகும். தெளிந்த இரவில் காற்று அசையாமல் கிடக்கும். குளோரின் காற்றைவிட ஏறத்தாழ இரண்டரை மடங்கு கனமானது. அந்நேரத்தில் கலையாமல் தரையோடு ஊர்ந்து பள்ளமான தெருக்களில் இறங்கும். பகல் கணக்கில் ஆலை மதிலுக்குள் முடிந்த ஆபத்து வட்டம், இரவுக் கணக்கில் பக்கத்து ஊரைத் தொட்டுவிடும். வாயுக் கசிவுகள் நடந்த நேரங்களைப் பாருங்கள்: போபால் 1984 டிசம்பர் 2 நள்ளிரவை ஒட்டி, விசாகப்பட்டினம் 2020 மே 7 விடியற்காலை, எண்ணூர் 2023 டிசம்பர் 26 நள்ளிரவுக்குச் சற்று முன். மூன்றும் ஊர் உறங்கும் நேரங்கள்.

ஓடாத ஆலையில் என்ன ஆகிவிடப் போகிறது என்ற நினைப்பு இன்னும் மோசம். விசாகப்பட்டின ஆலை கொரோனா ஊரடங்கில் நின்றுதான் இருந்தது. தொட்டியில் இருந்த ஸ்டைரீன் தானாகவே ஒன்றோடொன்று பிணைந்து பிளாஸ்டிக்காக மாறும் குணம் கொண்டது. மாறும்போது வெப்பத்தைக் கக்கும். அதனால்தான் அதைக் குளிர்ச்சியாக வைத்து, பிணைப்பைத் தடுக்கும் மருந்தும் கலந்து வைப்பார்கள். அங்கே வெப்பமானி தொட்டியின் அடிப்பகுதியில் மட்டும் இருந்தது. மேலே கொதித்தது கீழே தெரியவில்லை. கசிந்த ஆவியில் 12 பேர் இறந்தார்கள். சைரனை ஒலிக்கச் செய்யும் பொத்தான்கள் 36 இடங்களில் இருந்தும் ஒன்றையும் யாரும் அழுத்தவில்லை என்று விசாரணைக் குழு பின்னர் எழுதியது.

நடந்தால் எவ்வளவு பாதிப்பு, நடக்க எவ்வளவு வாய்ப்பு: இந்த இரண்டும் சேர்ந்ததுதான் இடர். “முப்பது வருடமாக ஒன்றும் ஆகவில்லையே சார்” என்பவர்கள் வாய்ப்பை மட்டும், அதுவும் தங்களுக்குச் சாதகமாக, கணக்கில் எடுக்கிறார்கள்.

தண்ணீர்ச் சுத்திகரிப்புக்குக் குளோரின் வைத்திருந்த ஓர் ஆலைக்கு ஒருமுறை போயிருந்தேன். 900 கிலோ கொள்ளும் டன்னர்கள், அதாவது பெரிய இரும்பு உருளைகள், எட்டு. ஆபத்தான வேதிப்பொருள்களுக்கான 1989ஆம் ஆண்டு விதிகள் குளோரினுக்கு வைத்திருக்கும் முதல் வரம்பு 10 டன். “நாங்கள் அந்த விதிக்குள் வரமாட்டோம்” என்று மேலாளர் நிம்மதியாக இருந்தார். ஏழு டன்னுக்கும் மேல் குளோரின், மதிலுக்கு அப்பால் குடியிருப்பு. வரம்பு காகிதத்துக்குத்தான், வாயுவுக்கு இல்லை.

அன்று இரவு ஷிப்ட்டில் இருந்த ஆபரேட்டரிடம், டன்னரில் ஓட்டை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். “தண்ணீர் அடிப்போம் சார்” என்றார். தண்ணீர் பட்டால் குளோரின் அமிலமாகி, ஓட்டையையே அரித்துப் பெரிதாக்கும். செய்ய வேண்டியது வேறு: ஓட்டை மேல் பக்கம் வருமாறு டன்னரை உருட்டிவிட வேண்டும். கீழே ஓட்டை இருந்தால் திரவம் ஒழுகும். ஒரு லிட்டர் திரவம் ஏறத்தாழ 460 லிட்டர் வாயுவாகப் பெருகும். மேலே இருந்தால் வாயு மட்டுமே வரும். அது எவ்வளவோ குறைவு.

சொல்லிக் கொடுத்ததும் உடனே பிடித்துக்கொண்டார். தெரியாதது அவர் குற்றமில்லை. அந்த ஆலையின் இடர் அறிக்கையை அவர் பார்த்ததே இல்லை. ஓட்டையை அடைக்கும் கருவிப் பெட்டியை எடுத்துக் காட்டச் சொன்னேன். அறை பூட்டியிருந்தது. சாவி ஸ்டோர் கீப்பரிடம், அவரோ பகல் ஷிப்ட். போன் செய்தார்கள். ஸ்கூட்டரில் அவர் வந்து சேர்ந்தபோது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. கசிவை அடைக்க அறிக்கையில் எழுதியிருந்த நேரம் பத்து நிமிடம்.