களிமண்ணில் புகுந்த கரைப்பானைச் சூடேற்றி எடுப்பது

பினாங்கின் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டை 1972-இல் எலெக்ட்ரானிக்ஸ் தொழிற்சாலைகளோடு தொடங்கியது. நமக்குத் தெரிந்தவர்களில் யாராவது ஒருவர் அங்கே ஷிப்ட் பார்த்திருப்பார். அந்தக் காலத்தில் உலகமெங்கும் இந்தத் தொழிலில் உலோகப் பாகங்களின் எண்ணெய்ப் பிசுக்கை எடுக்க ட்ரைகுளோரோஎத்திலீன் போன்ற கரைப்பான்களைப் பயன்படுத்தினார்கள். டிரை கிளீனிங் கடைகளில் ஓடியது பெர்குளோரோஎத்திலீன்.

கலிபோர்னியாவில், சிலிக்கான் பள்ளத்தாக்கு அமைந்த சான்டா கிளாரா மாவட்டத்தில் மட்டும் 23 இடங்கள் அமெரிக்க அரசின் மோசமான மாசிடப் பட்டியலில் ஏறின. பல இடங்களில் காரணம் இந்தக் கரைப்பான்கள்தான். நம் ஊர் மண்ணும் அப்படித்தான் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அதே தொழில் அரை நூற்றாண்டாக நடக்கும் ஊரில் இருக்கிறோம். ஒழுகினால் அதை எப்படி எடுப்பது என்பது நமக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

பெட்ரோல் கொட்டினால் நிலத்தடி நீரின் மேல் மிதக்கும். ட்ரைகுளோரோஎத்திலீன் மிதக்காது. ஒரு லிட்டர் 1.46 கிலோ எடை. நீரைத் துளைத்துக்கொண்டு கீழே போகும். மணலில் வேகமாக இறங்கும், களிமண் அடுக்கு வந்ததும் அதன் மேல் தேங்கி, வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஊறும். அமெரிக்காவில் ஒரு லிட்டர் குடிநீரில் இது 5 மைக்ரோகிராமைத் தாண்டக் கூடாது. அந்த அளவுகோலில் ஒரே ஒரு லிட்டர் கரைப்பான் சுமார் 29 கோடி லிட்டர் நீரைக் கெடுத்துவிடும். 2012-இல் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை இதை மனிதர்களுக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்தியது. நாம் நிலத்தடி நீரைக் குடிப்பதில்லையே என்று ஆறுதல் அடைய முடியாது. இதன் ஆவி தரையின் விரிசல் வழியாகக் கட்டடத்துக்குள் ஏறி வரும்.

பழைய வழி, கிணறு தோண்டி நீரை இறைத்துச் சுத்தம் செய்வது. மணலில் இருப்பது வந்துவிடும். களிமண்ணில் ஊறியதோ தினமும் துளித்துளியாகக் கசியும். இருபது, முப்பது வருடம் இறைத்தும் முடியாத இடங்கள் உண்டு. நீர் ஓடும் வேகத்தில் மணலுக்கும் களிமண்ணுக்கும் லட்சக்கணக்கான மடங்கு வித்தியாசம். சூட்டைக் கடத்துவதிலோ இரண்டு மூன்று மடங்குதான். மீன் குழம்பு வைக்கும் மண்சட்டி குழம்பை வெளியே விடாது. அடுப்பின் சூட்டை மட்டும் உள்ளே விடும். மண்ணையே மின்சாரத்தால் சூடேற்றிக் கரைப்பானை ஆவியாக எடுக்கும் முறையின் உயிர்நாடியே அதுதான்.

வேலை இப்படி நடக்கும். சில மீட்டர் இடைவெளியில் துளைகள் போட்டு, மாசு இருக்கும் ஆழம் வரை எஃகு மின்முனைகளை இறக்குவார்கள். சுற்றிலும் மின்சாரம் நன்றாகக் கடக்க கிராஃபைட் துகள்களை நிரப்புவார்கள். மின்சாரத்தைக் கடத்துவது மண்ணின் ஈரம்தான். அதனால் ஒவ்வொரு மின்முனைக்கும் மெல்லிய குழாயில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கும். காய்ந்தால் வேலை நின்றுவிடும். மின்னோட்டத்துக்கு மண் காட்டும் எதிர்ப்பே சூடாக மாறுகிறது. களிமண் மணலைவிட நன்றாக மின்சாரம் கடத்துவதால், கரைப்பான் ஒளிந்திருக்கும் இடமே முதலில் சூடேறுகிறது. 1993-இல் அமெரிக்காவின் சவானா ரிவர் அணு வளாகத்தில் களிமண் அடுக்கில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள்.

அப்புறம்தான் அழகான இயற்பியல். நீர் 100 டிகிரியில் கொதிக்கும், பெர்குளோரோஎத்திலீன் 121-இல். இரண்டும் ஒட்டியிருக்கும் இடத்தில் கொதிநிலை சுமார் 88 டிகிரிதான்! இரண்டின் ஆவி அழுத்தமும் சேர்ந்து காற்றழுத்தத்தை எட்டினால் போதும், கொதிக்கத் தொடங்கிவிடும். ட்ரைகுளோரோஎத்திலீன் நீரோடு சேர்ந்தால் 73 டிகிரியிலேயே கொதிக்கும். களிமண்ணுக்குள் எழும் நீராவி கரைப்பானையும் சேர்த்து வெளியே தள்ளும். உறிஞ்சு கிணறுகள் அதை இழுத்து, குளிர்வித்து, மிச்ச ஆவியைக் கரி வடிகட்டியில் பிடிக்கும். இந்த உறிஞ்சல் சரியாக இல்லாவிட்டால் சூடேற்றுவதே ஆபத்து. ஆவி பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்விடும்.

மாதக்கணக்கில் ஓடும் வேலை, மின்சாரக் கட்டணமும் அதிகம். ஆனால் டென்மார்க் போன்ற குளிர் நாட்டில் நிலத்தடி நீர் 8, 9 டிகிரியில் இருக்கிறது. நம் ஊரில் 28-ஐ ஒட்டி. 100 டிகிரி வரை ஏற்றுவதற்கு மட்டும் கணக்குப் போட்டால் நமக்கு ஐந்தில் ஒரு பங்கு சூடு குறைவாகப் போதும். கடலோரத்தில் உப்பு நீர் மின்முனைகளை அரிக்கும், வேகமாக ஓடும் நிலத்தடி நீர் சூட்டை அடித்துக்கொண்டு போகும். இவற்றை முன்கூட்டியே கணக்கில் எடுக்க வேண்டும்.

மாசுபட்ட நிலங்களைக் கையாள நம் மலேசியச் சுற்றுச்சூழல் துறை 2009-இல் வழிகாட்டிகள் வெளியிட்டது. என் கருத்து இது: கிணற்று நீரை மட்டும் சோதித்து ஓர் இடத்தைச் சுத்தம் என்று எழுதிவிடக் கூடாது. களிமண்ணையும் துளையிட்டு எடுத்துப் பார்க்க வேண்டும். மின்சாரத்தை நிறுத்தினாலும் நிலம் ஆற மாதங்கள் ஆகும். அந்த வெதுவெதுப்பில் சில பாக்டீரியாக்கள் சுறுசுறுப்பாகி மிச்சக் கரைப்பானின் குளோரினை ஒவ்வொன்றாகக் கழற்றும். பாதியில் நின்றால் இன்னும் மோசமான வினைல் குளோரைடு தங்கிவிடும். அதனால் சூடு ஆறிய பிறகும் சில வருடங்கள் மாதிரி எடுத்துக்கொண்டே இருக்க வேண்டும்.