அகதி முகாம்களில் சூரிய மின்சாரம்: திட்டம் தருவது என்ன, இரவுக்கு வழி என்ன?

அகதி முகாமில் வாழும் குடும்பத்திற்கு மின்சாரம் பெறும் உரிமை உண்டா என்று கேட்டால், அகதிகளுக்கான பன்னாட்டுச் சட்டத்தில் அப்படியோர் உரிமை எழுதப்படவில்லை என்பதே நேரான பதில். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை வீட்டுவசதி, கல்வி, வேலை ஆகியவற்றைப் பற்றிப் பேசுகிறது. மின்சாரத்தைப் பற்றிப் பேசவில்லை. 2018 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை ஏற்றுக்கொண்ட அகதிகள் குறித்த உலகளாவிய உடன்பாட்டில் எரிசக்தி இடம்பெற்றுள்ளது என்றாலும், அது எந்த நாட்டையும் சட்டப்படி கட்டுப்படுத்தாது. எனவே இன்று கையில் இருப்பவை வாக்குறுதிகளும் செயல்திட்டங்களும்தான்.

அவற்றுள் முதன்மையானது, 2019 டிசம்பரில் ஜெனீவாவில் நடந்த முதல் உலக அகதிகள் மன்றத்தில் முன்வைக்கப்பட்ட தூய எரிசக்தி அறைகூவல். 2030ஆம் ஆண்டுக்குள் எல்லா அகதிக் குடியிருப்புகளுக்கும், அவற்றை அடுத்து வாழும் உள்ளூர் மக்களுக்கும், கட்டுப்படியாகும் விலையில் நம்பகமான எரிசக்தி கிடைக்க வேண்டும் என்பது அதன் இலக்கு. இதே காலத்தில் ஐ.நா. அகதிகள் உயர் ஆணையம் 2019 முதல் 2025 வரைக்குமான எரிசக்தி வியூகம் ஒன்றை வகுத்து, நெருக்கடிக்கால உடனடித் தேவை, சமையல் எரிபொருள், வீட்டு மின்சாரம், பள்ளி, மருத்துவமனை போன்ற பொது இடங்களுக்கான மின்சாரம் என்று பணியைப் பிரித்துக்கொண்டது. முகாம்களில் வாழ்வோரில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினருக்கு மின்சாரம் இல்லை என்று 2015இல் வெளியான ஆய்வு மதிப்பிட்டிருந்ததை நினைத்தால், இலக்கு எத்தனை தொலைவில் இருந்தது என்பது விளங்கும்.

இத்திட்டங்களுக்கு எடுத்துக்காட்டாக எப்போதும் சொல்லப்படுபவை ஜோர்டானின் இரண்டு முகாம்கள். சிரிய அகதிகள் வாழும் அஸ்ரக் முகாமில் 2017 மே மாதம் 2 மெகாவாட் சூரிய மின்நிலையம் இயங்கத் தொடங்கியது; மரச்சாமான் நிறுவனமான ஐகியாவின் அறக்கட்டளை அதற்கு நிதி தந்தது, பின்னர் அதன் திறன் கூட்டப்பட்டது. கையடக்கச் சோலார் விளக்கின் வெளிச்சத்தில் இரவைக் கழித்த குடும்பங்கள், உணவு கெடாமலிருக்கக் குளிர்சாதனப் பெட்டியும், பாலைவன வெயிலுக்கு மின்விசிறியும் வைத்துக்கொள்ள முடிந்தது. அதே ஆண்டு நவம்பரில் ஸாத்தாரி முகாமில், ஜெர்மனி அரசின் நிதியில், 12.9 மெகாவாட் நிலையம் வந்தது. சுமார் 80,000 பேர் வாழ்ந்த அம்முகாமில் அதுவரை நாளுக்கு 8 மணி நேர அளவில் கிடைத்த மின்சாரம் 12 முதல் 14 மணி நேரமாக உயர்ந்தது.

இவ்விரு முகாம்களின் வெற்றியைக் கேட்டுவிட்டு, பேனல்களை நட்டால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. சூரியன் பகலில் மின்சாரம் தருகிறது. குடும்பங்களுக்கு விளக்கு தேவைப்படுவதோ பொழுது சாய்ந்த பிறகு. ஜோர்டானில் இந்தச் சிக்கலை நாட்டின் பொது மின்கட்டமைப்பு தீர்த்துவைக்கிறது: பகலில் மிஞ்சும் மின்சாரம் அதற்குள் செல்கிறது, இரவில் அதிலிருந்தே முகாமுக்கு மின்சாரம் வருகிறது. கட்டமைப்பே பேட்டரியின் வேலையைச் செய்துவிடுகிறது. மின்கம்பியே எட்டாத எல்லைப்புற முகாம்களுக்கு இந்த வசதி கிடையாது. உண்மையான பேட்டரியை வாங்கித்தான் வைக்க வேண்டும்.

எவ்வளவு பேட்டரி வேண்டும் என்பதைச் சிறு கணக்கில் பார்க்கலாம். 5 வாட் எல்.இ.டி. விளக்குகள் மூன்று, மாலையில் 5 மணி நேரம் எரிந்தால் 75 வாட்-மணி. 25 வாட் மின்விசிறி இரவில் 8 மணி நேரம் ஓடினால் 200. இரண்டு செல்பேசிகளுக்கு 25 என்று வைத்தால், ஒரு குடும்பத்தின் இரவுத் தேவை 300 வாட்-மணி, அதாவது ஒரு யூனிட்டில் (1,000 வாட்-மணி) மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. ஆயிரம் குடும்பங்களுக்கு இது 300 யூனிட். ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் வடிய விட்டால் அதன் ஆயுள் விரைவில் குறையும் என்பதால், அந்த 300 யூனிட்டுக்கு 600 யூனிட் கொள்ளளவு தேவை. 80 விழுக்காடு வரை பயன்படுத்தத்தக்க லித்தியம் பேட்டரி என்றால் 375 போதும். இதே குடும்பம் 1,000 வாட் மின்னடுப்பை ஒரு மணி நேரம் பயன்படுத்தினால் அதுவே ஒரு யூனிட். மேற்சொன்ன கணக்கு முழுவதும் தலைகீழாகிவிடும். இத்தகைய சிறு நிலையங்களில் ஒவ்வோர் இணைப்புக்கும் மின்சுமை வரம்பு வைப்பதும், அடுப்பும் இஸ்திரிப் பெட்டியும் கூடாது என்பதும் இதனால்தான். குடியிருப்போருக்கு இது கெடுபிடியாகத் தோன்றலாம்; ஆனால் ஒரு வரிசை வீடுகள் மிகையாக இழுத்தால், நள்ளிரவில் இருட்டில் கிடப்பது முகாம் முழுவதும்.

அடுத்தது பணம். டீசல் மாதாமாதம் வாங்கும் பொருள். பேனலும் பேட்டரியும் முதலிலேயே பெருந்தொகை கேட்பவை. உதவி அமைப்புகளின் நிதியோ பெரும்பாலும் ஆண்டுக்கு ஆண்டு ஒதுக்கப்படுவது. நெடுநோக்கில் டீசலே செலவு மிக்கது என்று தெரிந்தும் ஜெனரேட்டர்கள் ஓடிக்கொண்டிருப்பதற்கு இதுவே பெரிய காரணம். இந்த முடிச்சை அவிழ்க்க வாடகை முறை வந்தது: தனியார் நிறுவனம் தன் சொந்த முதலீட்டில் நிலையத்தை அமைக்கும், உதவி அமைப்பு மாதக் கட்டணம் செலுத்தும். தெற்கு சூடானின் மலகால் நகரில் 2020இல் இவ்வாறு 700 கிலோவாட் பேனலும் 1,368 யூனிட் பேட்டரியும் நிறுவப்பட்டு, டீசல் செலவு வெகுவாகக் குறைந்தது. ஆனால் அந்த மின்சாரம் சென்றது உதவி அமைப்புகளின் சுமார் 300 பணியாளர்கள் தங்கி வேலை செய்யும் வளாகத்திற்கு. இடம்பெயர்ந்தோரின் கூடாரங்களுக்கு அன்று. முகாமுக்குச் சூரிய மின்சாரம் வந்துவிட்டது என்ற செய்தியைப் படிக்கும்போது, அது வளாகத்திற்கா, பொதுக் குழாயின் நீரேற்றிக்கா, வீடுகளுக்கா என்று பார்ப்பது அவசியம்.

வீடுகளுக்கு என்று எழுதப்பட்டிருந்தாலும், ஒப்பந்தத்தில் பார்க்க வேண்டிய இடம் பேட்டரி மாற்றும் பிரிவுதான். பேனல் 20 ஆண்டுகளுக்கு மேல் உழைக்கும். ஈய-அமில பேட்டரி வெப்பப் பகுதிகளில் சில ஆண்டுகளிலேயே சோர்ந்துவிடும், வெப்பநிலை 10 பாகை செல்சியஸ் கூடினால் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும். தொடக்க நிதி தந்தவர் விலகிய பின் புதிய பேட்டரியை வாங்குவது யார், பழையதை எடுத்துச் செல்வது யார், அந்தத் தொகை குடும்பங்கள் கட்டும் கட்டணத்திலிருந்து சேர்க்கப்படுகிறதா என்பவற்றுக்கு அப்பிரிவில் விடை எழுதப்பட்டிருக்க வேண்டும்.