கேன்சல் பொத்தானிலிருந்து கையை எடுங்கள்

விமான ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்யப்போவதாகத் தொலைக்காட்சியில் ஒரு வரி ஓடினால் போதும். மறுநாள் காலை சேலத்தில் எங்கள் டிராவல்ஸ் அலுவலகத்தைத் திறக்கும்போதே யாராவது வாடிய முகத்தோடு காத்திருப்பார். கடைசியாக வந்தவர் ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர். ஜெர்மனியில் இருக்கும் மகளைப் பார்க்கக் குடும்பத்தோடு டிக்கெட் போட்டிருந்தார். "விமானம் எப்படியும் கிளம்பாது, பணமாவது மிஞ்சட்டும்" என்று இரவோடு இரவாகச் செயலியில் தானே ரத்து செய்துவிட்டார். இரண்டு நாள் கழித்து அதே விமானத்தை நிறுவனமே ரத்து செய்தது. மற்றப் பயணிகளுக்கு முழுப் பணம். இவருக்கு டிக்கெட்டில் சேர்ந்திருந்த வரிப்பணத்தில் ஒரு பகுதி மட்டும்.

இன்னும் எத்தனை முறைதான் சொல்வது! நீங்கள் ரத்து செய்தால், நீங்களாகவே பயணத்தைக் கைவிட்டீர்கள் என்று பொருள். டிக்கெட் விதிப்படி பிடித்தம் போகும். நிறுவனம் ரத்து செய்தால் முழுத்தொகையோ மாற்று விமானமோ கேட்டு வாங்கலாம். "முன்னாடியே ரத்து செய்தால் பிடித்தம் குறையும்தானே?" என்கிறார்கள். குறையும், ஆனால் பிடித்தமே இல்லாத வழி இருக்கும்போது குறைந்த பிடித்தம் எதற்கு? அதுவும் பல வேலைநிறுத்தங்கள் கடைசி நேரப் பேச்சுவார்த்தையில் கைவிடப்படுகின்றன. மிரட்டலைக் கேட்டே டிக்கெட்டைத் தொலைத்தவர், விமானம் குறித்த நேரத்தில் கிளம்புவதை வீட்டிலிருந்து பார்க்க வேண்டியதுதான்.

அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு இருக்கச் சொல்லவில்லை. இத்தகைய நேரங்களில் பல நிறுவனங்கள் கட்டணமின்றித் தேதி மாற்ற அனுமதிக்கும். அறிவிப்பு வந்த உடனே மாற்றிக்கொள்ளுங்கள். மாற்று இருக்கைகள் சீக்கிரம் தீர்ந்துவிடும். 2025 ஆகஸ்டில் ஏர் கனடா விமானப் பணியாளர்கள் வேலைநிறுத்தம் தொடங்கியது 16ஆம் தேதி. விமானங்கள் ரத்தாகத் தொடங்கியதோ 14ஆம் தேதியே. நோட்டீஸே இல்லாமலும் நடக்கும். 2024 மே மாதம் ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானப் பணியாளர்கள் பலர் ஒரே நேரத்தில் உடல்நலமில்லை என்று விடுப்பு எடுத்ததை வளைகுடா போகவிருந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

இழப்பீடு வேறு விஷயம். நம் நாட்டு விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் விதியில் வேலைநிறுத்தம் நிறுவனத்தின் கட்டுப்பாட்டை மீறிய காரணங்களில் ஒன்று. ஆகவே இழப்பீடு எதிர்பார்க்காதீர்கள். ஐரோப்பாவிலிருந்து கிளம்பும் விமானமென்றால் கதை மாறும். நிறுவனத்தின் சொந்த ஊழியர்கள் சட்டப்படி நடத்தும் வேலைநிறுத்தம், இழப்பீடு தராமல் தப்பிக்க உதவும் அசாதாரணக் காரணம் ஆகாது என்று ஐரோப்பிய நீதிமன்றம் 2021இல் ஸ்காண்டிநேவிய விமான நிறுவனமான எஸ்.ஏ.எஸ்.ஸின் விமானிகள் வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. ஜெர்மனியிலிருந்து இந்தியா திரும்பும் தொலைவுக்கு 600 யூரோ வரை கேட்கலாம். கேட்பவர்தான் குறைவு.

காப்பீடு எடுப்பதாக இருந்தால் டிக்கெட் போடும் அன்றே எடுங்கள். வேலைநிறுத்தச் செய்தி வந்த பிறகு எடுத்த பாலிசி அந்த வேலைநிறுத்தத்துக்குப் பொதுவாக உதவாது.

சேலம் விமான நிலையம் இருக்கும் காமலாபுரத்திலிருந்து சென்னைக்கு ஒரு டிக்கெட், சென்னையிலிருந்து வெளிநாட்டுக்குத் தனியாக இன்னொன்று என்று வாங்குவோர் இங்கே அதிகம். முதல் விமானம் நின்றுபோனால் இரண்டாவது நிறுவனம் உங்களை வராத பயணி என்றே எழுதும். முடிந்தவரை ஒரே முன்பதிவாக வாங்குங்கள். மாற்று விமானம் லண்டன் வழியாக என்றால், சம்மதிக்கும் முன் அங்கே விமானம் மாறுவதற்கான டிரான்சிட் விசா வேண்டுமா என்று பாருங்கள்.

தயவுசெய்து முன்பதிவில் உங்கள் சொந்தக் கைபேசி எண்ணைக் கொடுங்கள். ரத்துச் செய்தி ஏஜென்டின் எண்ணுக்கு நள்ளிரவில் வந்தால், நீங்கள் அதற்குள் பெங்களூரு சாலையில் தொப்பூர் கணவாயைத் தாண்டியிருப்பீர்கள். பெங்களூரு விமான நிலையத்துக்குக் காரில் ஏறும் முன்பும், கிருஷ்ணகிரியில் டீ குடிக்க நிறுத்தும்போதும் விமானத்தின் நிலையைப் பாருங்கள். அங்கிருந்து திரும்பினால் பாதி வாடகையாவது மிஞ்சும்.