தௌரி: பாலஸ்தீனக் கால்பந்து லீக்கின் பெயரும் அதற்கான தமிழும்

கால்பந்து லீக்குக்கு அரபு நாடுகளில் வழங்கும் சொல் ‘தௌரி’. பாலஸ்தீனத்தின் மேற்குக்கரையில் முதல்நிலை லீக்கின் பெயர் ‘தௌரி அல்முஹ்தரிஃபீன்’. காசாவில் நடந்துவந்தது ‘அத்தௌரி அல்மும்தாஸ்’. தமிழில் இரண்டையும் பிரீமியர் லீக் என்று எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். படிப்பவருக்குப் புரியும், சரி. ஆனால் பெயருக்குள் இருக்கும் பாதிச் செய்தி அதில் உதிர்ந்துவிடுகிறது.

தால், வாவ், ரா என்ற மூன்றெழுத்து வேரிலிருந்து வந்தது தௌரி. சுழல்வது, சுற்றி வருவது என்பது வேரின் பொருள். ‘தௌர்’ என்றால் முறை. ‘இப்போது என் முறை’ என்கிறோமே, அந்த முறை. வளைகுடாவில் வேலை பார்த்தவர்களுக்கு இதே வேரில் பிறந்த இரண்டு சொற்களாவது பழக்கமாக இருக்கும். ரவுண்டானாவை அங்கே ‘துவார்’ என்பார்கள். மேலாளர் ‘முதீர்’, அதாவது காரியங்களைச் சுழலவைத்து நடத்துபவர். ஆக, ஒவ்வோர் அணியும் மற்ற எல்லா அணிகளையும் முறைவைத்துச் சந்திக்கும் போட்டிதான் தௌரி. தோற்றவர் வெளியேறிவிடும் போட்டிக்கு அரபியில் ‘கஃஸ்’, கோப்பை என்று வேறு சொல் இருக்கிறது.

லீக் என்ற ஆங்கிலச் சொல் வேறு வழியில் வந்தது. ‘கட்டு’ என்று பொருள்படும் லத்தீன் வினையில் பிறந்து, உடன்படிக்கை செய்துகொண்டவர்களின் கூட்டணியைக் குறித்தது. 1888இல் இங்கிலாந்தில் 12 கிளப்புகள் சேர்ந்து ஆட ஒப்புக்கொண்டபோது அந்தச் சேர்க்கைக்கு லீக் என்று பெயர் வைத்தார்கள். ஆங்கிலம் கிளப்புகளின் கட்டைப் பார்த்துப் பெயரிட்டது. அரபு ஆட்டங்களின் சுழற்சியைப் பார்த்தது. தமிழில் சிலர் எழுதும் ‘கூட்டிணைவு’ ஆங்கிலத்தின் வழி. நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களோ வெகு காலமாக ‘லீக் சுற்று’ என்று எழுதுகின்றன. அந்தச் ‘சுற்று’, யாரும் யோசித்து வைக்காமலே, தௌரிக்கு மிக அருகில் வந்து நிற்கிறது.

மற்ற இரண்டு சொற்களும் நமக்கு அந்நியமில்லை. ‘மும்தாஸ்’ நாம் மும்தாஜ் என்று அறிந்த பெயர்தான். மேலானது, தேர்ந்தெடுத்த உயர்வு என்று பொருள். ‘முஹ்தரிஃப்’ என்பது ‘ஹிர்ஃபா’ என்ற சொல்லைச் சேர்ந்தது. ஹிர்ஃபா என்றால் தொழில், கைவினை. ஆட்டத்தையே தொழிலாகக் கொண்டவர்கள் முஹ்தரிஃபீன். நம் ‘தொழில்முறை வீரர்’ இதற்கு அச்சாகப் பொருந்துகிறது. மேற்குக்கரை லீக் இந்தப் பெயருக்குத் தகுதி பெற்றது 2010-11 பருவத்தில். அந்த முதல் தொழில்முறைப் பட்டத்தை வென்றது ரமல்லாவை ஒட்டிய அகதி முகாமின் அணியான மர்கஸ் ஷபாப் அல்அம்அரி.

அதற்கு முந்தைய வரலாறு விட்டுவிட்டுத்தான் நடந்திருக்கிறது. பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில், 1931இல், அரபுக் கிளப்புகள் தங்களுக்கென ஒரு விளையாட்டுச் சம்மேளனம் அமைத்தன. அது தேய்ந்து, 1944இல் மீண்டும் உயிர்பெற்றது. இஸ்ரேல் உருவான 1948இன் போர் அந்தக் கிளப்புகளையும் ஊர்களையும் சிதறடித்தது. ஃபிஃபாவில் பாலஸ்தீனம் உறுப்பினரானது 1998இல். இரண்டே ஆண்டில் இரண்டாம் இன்திஃபாதா, இஸ்ரேலுக்கு எதிரான பாலஸ்தீனர் எழுச்சி, தொடங்கியது. பருவங்கள் பாதியில் நின்றன, சில தொடங்கவே இல்லை. 2008 அக்டோபரில்தான் அர்ராம் நகரின் ஃபைசல் ஹுசைனி அரங்கில் பாலஸ்தீன அணி தன் சொந்த மண்ணில் முதல் சர்வதேச ஆட்டத்தை ஆடியது. எதிரணி ஜோர்டான், முடிவு 1-1.

கிளப் பெயர்களைப் படிக்கத் தெரிந்தால் புள்ளிப்பட்டியலே வரலாறு சொல்லும். ‘ஷபாப்’ இளைஞர்கள். ‘மர்கஸ்’ மையம், ‘கதமாத்’ சேவைகள். இந்த இரண்டில் ஒன்று ஊர்ப்பெயருக்கு முன்னால் வந்தால் அது பெரும்பாலும் அகதி முகாமின் அணி. முகாம்களில் ஐ.நா. நிவாரண அமைப்பு நடத்திய இளைஞர் மையங்களிலிருந்து வந்த பெயர் அது. கதமாத் ரஃபா, மர்கஸ் பலாத்தா இரண்டும் அப்படித்தான். ‘ரஃபா சேவைகள்’ என்று மொழிபெயர்த்தால் ஏதோ கூரியர் கம்பெனி போலாகிவிடும். அப்படியே விட்டு, பக்கத்தில் ‘முகாம் அணி’ என்று ஒரு சொல் சேர்ப்பது நல்லது. முகாம் அல்லாத ஊர்களும் உண்டு. பெத்லகேம் அருகே வாதி அல்னீஸ், ‘முள்ளம்பன்றிப் பள்ளத்தாக்கு’ என்ற சிற்றூர். வீரர்களில் பெரும்பாலோர் ஒரே குடும்பத்தார். அந்த அணி 2013-14இல் லீக் பட்டம் வென்றது.

இனி, இரண்டு தௌரிகள் ஏன்? மேற்குக்கரைக்கும் காசாவுக்கும் நடுவே இஸ்ரேல் இருக்கிறது; அதன் அனுமதி இல்லாமல் ஒரு பேருந்துகூடக் கடக்க முடியாது. எல்லோரும் எல்லோரையும் சந்திப்பது அதனால் நடக்காது. தனித்தனியே ஆடிவிட்டு, இரு பகுதிகளின் கோப்பைப் போட்டிகளில் வென்ற அணிகள் மட்டும் கடைசியில் மோதுவது என்பது ஏற்பாடு. ஆளுக்கொரு ஊரில் ஒன்றாக நடக்கும் இந்த இரு பாக ஆட்டத்துக்கு அரபியில் அழகான பெயர்கள் உண்டு: முதல் ஆட்டம் ‘தஹாப்’, போதல், இரண்டாவது ‘இயாப்’, திரும்பி வருதல். 2015 ஆகஸ்டில், 15 ஆண்டு இடைவெளிக்குப் பிறகு, மேற்குக்கரை நகரான ஹெப்ரோனின் அஹ்லி அல்கலீல் காசாவுக்குப் போய் ஷுஜாஇய்யா அணியுடன் ஆடியது. கோல் இல்லை. ஷுஜாஇய்யா வீரர்களுக்கு அனுமதி இழுபட்டதில் இயாப் சில நாள் தள்ளிப்போய், கடைசியில் ஹெப்ரோனில் அஹ்லி 2-1 என வென்றது. 2019இல் காசாவின் கதமாத் ரஃபாவுக்கும் மேற்குக்கரையின் மர்கஸ் பலாத்தாவுக்கும் போதல் நடந்தது. ரஃபா அணியில் பெரும்பாலோருக்கு அனுமதி கிடைக்காததால் திரும்புதல் நடக்கவில்லை.

இந்தச் சுவரைத் தாண்டி ஆடிய சிலரில் ஒருவர் சுலைமான் அல்உபைத். காசாவின் ஷாத்தி முகாம் அணியில் வளர்ந்து, மேற்குக்கரைக்குப் போய் அல்அம்அரிக்காகவும் ஆடியவர். ‘பாலஸ்தீனப் பெலே’ என்றார்கள். 2025 ஆகஸ்டில், காசாவின் தென்பகுதியில் உதவிப் பொருளுக்காகக் காத்திருந்தபோது இஸ்ரேலியத் தாக்குதலில் கொல்லப்பட்டார் என்று பாலஸ்தீனக் கால்பந்துச் சங்கம் அறிவித்தது. வயது 41. அதற்கு முன்பே, 2023 அக்டோபரில் போர் மூண்டதும், இரண்டு தௌரிகளும் நின்றிருந்தன.

இதையெல்லாம் வைத்துப் பார்க்கும்போது ‘கூட்டிணைவு’ இங்கே ஒட்டவில்லை. கிளப்புகளுக்கு இடையிலான கட்டு ஒருபோதும் அறவில்லை. தடைப்பட்டது சுற்றுதான். தௌரிக்கு என் பரிந்துரை ‘சுற்றுத்தொடர்’. தௌரி அல்முஹ்தரிஃபீனை ‘மேற்குக்கரைத் தொழில்முறைச் சுற்றுத்தொடர்’ என்றும், காசாவினுடையதை ‘காசா உயர்நிலைச் சுற்றுத்தொடர்’ என்றும் எழுதலாம். தலைப்புச் செய்தியில் இடம் போதாவிட்டால் லீக் என்றே போடலாம், தப்பில்லை. ‘பாலஸ்தீன லீக்’ என்று ஒருமையில் எழுதுவதை மட்டும் தவிர்க்கவேண்டும். எந்தப் பகுதியின் லீக் என்பதைச் சொல்லாமல் அந்தச் செய்தி முழுமையாகாது.