என்கிரேவிங்: பொறிப்போவியம்

‘என்கிரேவிங்’ என்ற ஆங்கிலச் சொல் உலோகத் தகட்டில் கீறும் வேலையையும் குறிக்கும், அந்தத் தகட்டிலிருந்து தாளில் அச்சாகி வரும் படத்தையும் குறிக்கும். தமிழில் ஈடு தேடும்போது சிக்கல் வருவது இந்த இரட்டைப் பொருளில்தான்.

பழைய ஆங்கிலத்தில் ‘கிராஃபன்’ என்றால் தோண்டுவது. புதைகுழியைக் குறிக்கும் ‘கிரேவ்’ அதே வேரில் முளைத்தது. வேலையும் தோண்டுவதுதான். ‘ப்யூரின்’ என்ற கூருளியால் செப்புத் தகட்டில் கோடு கோடாகப் பள்ளம் எடுப்பார்கள். தகடு முழுக்க மை பூசி, மேல்பரப்பைத் துடைத்தால் பள்ளத்தில் மட்டும் மை தங்கும். அப்புறம் ஈரத் தாளை வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் தாள் அந்த மையை உறிஞ்சி எடுத்துக்கொள்ளும். மரச்செதுக்கில் இது நேர்மாறு: அங்கே மேடுதான் அச்சாகும்.

எண்ணெய் வண்ண ஓவியம் அரண்மனைச் சுவரோடு நின்றுவிடும். அரசியின் முகத்தைச் சந்தைவரை கொண்டுபோனது இந்தத் தகடு. இங்கிலாந்தின் முதலாம் எலிசபெத்தை டச்சுக் கலைஞர் கிறிஸ்பைன் டி பாஸ் 1596இல் பொறித்த படத்தைப் பாருங்கள். கையில் செங்கோல், அரசதிகாரத்தைக் குறிக்கும் உருண்டை. பின்னால் கடல், கப்பல்கள். இருபுறமும் இரண்டு தூண்கள். இரட்டைத் தூண் ஸ்பெயினை ஆண்ட ஐந்தாம் சார்லஸின் சின்னம். எதிரி வம்சத்தின் அடையாளத்துக்கு நடுவில் எலிசபெத் நிற்கிறார். ஒரு தூணின் மேல் பெலிக்கன், இன்னொன்றில் பீனிக்ஸ். தன் ரத்தத்தைக் குஞ்சுகளுக்கு ஊட்டும் என்று ஐரோப்பியர் நம்பிய பெலிக்கன் தாய்மைக்கு. துணையின்றித் தானே மீண்டும் பிறக்கும் பீனிக்ஸ் கன்னிமைக்கு. மணம் செய்யாத, பிள்ளை பெறாத அரசியை நாட்டுக்கே தாயாகக் காட்டும் வழி இது. பெண்மை இங்கே ஆட்சிக்குக் குறையாக இல்லை, அதற்கான உரிமையாகவே நிற்கிறது. இந்தப் படத்தின் நிஜமான துணிச்சல் அதுதான் என்பேன்.

முகம் பரவப் பரவ அதைக் காக்கும் கவலையும் வந்தது. 1563இலேயே ஓவியர், அச்சிடுவோர், பொறிப்போர் எல்லோரையும் கட்டுப்படுத்த ஓர் அறிவிப்பு வரைவு தயாரானது. அதே 1596இல், அரசியின் பொருந்தாத உருவப்படங்களை அழிக்க அரச ஆலோசனை சபை ஆணையிட்டது.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘செதுக்கோவியம்’ என்றால் மரமும் கல்லும் முதலில் நினைவுக்கு வரும். ‘தகட்டோவியம்’ என்றால் தகட்டின் மேல் வரைந்தது என்றாகிவிடும். ‘பொறித்தல்’ கீறுவதையும் முத்திரை பதிப்பதையும் சேர்த்தே சொல்லும். காவிரிப்பூம்பட்டினத்தில் சரக்குமூட்டைகளுக்குச் சோழரின் புலி முத்திரை இட்டதைப் பட்டினப்பாலை ‘புலி பொறித்து’ என்கிறது. ஆட்சியின் அடையாளம் ஊர் ஊராகப் போவதும் அந்தச் சொல்லுக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே என்கிரேவிங் பொறிப்போவியம், செய்பவர் பொறிப்போவியர், அரசர், அரசியரைக் காட்டுவது அரச உருவப் பொறிப்போவியம். உளிக்குப் பதில் அமிலம் தகட்டை அரிக்கும் ‘எட்சிங்’ முறையை அமிலப் பொறிப்பு என்று தனியே குறிக்கலாம்.