ட்ரவுட்டுக்குத் தண்ணீர்தான் கதகதப்பு

ஜனவரியில் வட அமெரிக்காவின் ஐம்பெரும் ஏரிகளில் கலக்கும் ஆறுகளில் நீரின் வெப்பநிலை 0 டிகிரியை ஒட்டியே நிற்கும். கரைக்காற்றோ மைனஸ் 10, மைனஸ் 15 என்று இறங்கிவிடும். அந்தக் குளிரிலும் முழங்கால் ஆழத்தில் நின்று ஸ்டீல்ஹெட் என்னும் ட்ரவுட் மீனுக்குத் தூண்டில் போடுகிறவர்கள் உண்டு. (நம் நீலகிரி ஓடைகளில் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்ட வானவில் ட்ரவுட்டும் இதே இனம்தான்.) பிடித்த மீனோடு ஒரு படம், பிறகு அதை ஆற்றிலேயே விட்டுவிடுவார்கள். வினை வருவது அந்தப் படத்தால்தான்.

குளிர்ந்த நீர் ட்ரவுட்டுக்குப் பகையல்ல. 20 டிகிரியில் ஒரு லிட்டர் நன்னீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன்தான் கரையும். 0 டிகிரியில் 14.6 மில்லிகிராம் வரை கரையும். மீனின் உடலும் அப்போது மந்தமாக இயங்குவதால் அதற்குத் தேவைப்படும் ஆக்சிஜனும் குறைவு. ஆகவே கோடையைவிடக் குளிர்காலத்தில்தான் விடப்படும் மீன் பிழைக்க வாய்ப்பு அதிகம், நீருக்குள்ளேயே இருக்கும்வரை.

வெளியே தூக்கிவிட்டால் கதை வேறு. செவுள் இழைகளின் மேல் நுண்ணிய தகடுகள் அடுக்கடுக்காக நிற்கின்றன. ரத்தத்துக்கும் நீருக்கும் நடுவே அங்கே இருக்கும் சவ்வின் தடிமன் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குகூட இல்லை. தகடுகளை விரித்துப் பிடித்திருப்பது நீர்தான். காற்றுக்கு வந்ததும் நனைந்த புத்தகத்தின் தாள்களைப் போல அவை ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. மீன் மூச்சுத் திணறுகிறது. 1992-இல் கனடாவில் வெளியான ஓர் ஆய்வில், ஓடவிட்டுக் களைக்கவைத்த ட்ரவுட்டுகளில் 12 விழுக்காடு இறந்தன. களைத்த பின் 30 விநாடி காற்றில் வைத்தவற்றில் 38, ஒரு நிமிடம் வைத்தவற்றில் 72. அவை ரத்தக்குழாயில் குழாய் செருகிய ஆய்வக மீன்கள். ஆற்றில் இத்தனை சாவதில்லை. ஆனாலும் அரை நிமிடத்தின் விலை இதில் தெரிகிறது.

உறைபனியில் இன்னொரு கேடும் சேர்கிறது. நன்னீர் மீனின் ரத்தம் மைனஸ் அரை டிகிரிக்குச் சற்றுக் கீழேயே உறையக்கூடியது. மைனஸ் 15 காற்று வீசும்போது முதலில் அடிபடுவது மெல்லிய செவுளும் இமையில்லாத கண்ணும்தான். பனித்தரையில் மீனைக் கிடத்துவதோ அதைவிட மோசம்: உடலைப் போர்த்தியிருக்கும் வழும்பு பனியோடு ஒட்டி உரிந்து வரும். நம் தோலுக்கு இருப்பதுபோல இறந்த செல்களாலான மேலுறை மீனுக்கு இல்லை. வழும்பு போனால் கிருமிக்கு வழி திறந்துவிடும். காய்ந்த கையுறையும் அதே வேலையைச் செய்யும். கை விறைத்தாலும் சரி, கையுறையைக் கழற்றிக் கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும்.

எனவே மீனை ரப்பர் வலையில், நீருக்குள்ளேயே வைத்துப் படம் எடுங்கள். விடவேண்டிய ஸ்டீல்ஹெட்டை நீரிலிருந்து முழுதாக வெளியே எடுப்பதை வாஷிங்டன் மாநிலத்தில் சட்டமே தடுக்கிறது. நீரின் பளபளப்பு படத்தைக் கெடுக்கும் என்பார்கள். லென்ஸில் போலரைசர் வடிகட்டியை மாட்டிச் சாய்வாகப் பார்த்துத் திருகினால் பளபளப்பில் பெரும்பகுதி மறைந்து, மீனின் பக்கவாட்டுச் சிவப்புப் பட்டை துலக்கமாகத் தெரியும். தூண்டில் முள்ளைக் கழற்றுவதற்கு முன்பே கேமரா தயாராக இருக்க வேண்டும். குளிரில் லித்தியம் பேட்டரி திடீரென்று கைவிடும் என்பதால் அதைச் சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். திரும்பிக் காருக்குள் ஏறுமுன் கேமராவைப் பிளாஸ்டிக் பையில் போட்டு இறுக மூடிவிடுங்கள். இல்லையென்றால் காருக்குள் இருக்கும் வெதுவெதுப்பான காற்றின் ஈரமெல்லாம் லென்ஸில்தான் படியும்.