பெங்களூரில் தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடும்

பெங்களூர் அல்சூரில் நான் போகும் பல் டாக்டர், கருவிகள் இருக்கும் உறையை நம் கண் முன்னால்தான் கிழிப்பார். உறையின் ஓரத்தில் ஒரு சின்ன அம்புக்குறி நிறம் மாறியிருக்கும். கூட வந்த அம்மா, "பார், நல்லா வேகவெச்சிருக்காங்க" என்றார். அம்மா சொன்னது பாதி சரி.

அந்த உறை சூட்டுக்குள் போய்வந்தது என்பது வரைக்கும்தான் அம்புக்குறிக்குத் தெரியும். உள்ளே இருக்கும் குறட்டின் மூட்டில் ஒட்டியிருந்த கிருமி செத்ததா என்று அதைக் கேட்டுப் பயனில்லை. அதனால்தான் கிளினிக்கைச் சோதிக்க வருபவர் விவரம் தெரிந்தவராக இருந்தால், பளபளக்கும் தரையை விட்டுவிட்டு ஆட்டோகிளேவ் பக்கம் போவார்.

ஆட்டோகிளேவ், நம் வீட்டு பிரஷர் குக்கரின் அண்ணன். சாதாரணக் கிருமிகள் கொதிநீரிலேயே செத்துவிடும். சில பாக்டீரியாக்கள் மட்டும் கெட்டி ஓடு போர்த்திய ஸ்போராக மாறி, கொதிக்கும் தண்ணீரிலும் உயிரோடு கிடக்கும். அவற்றைக் கொல்ல 121 டிகிரி நீராவி குறைந்தது 15 நிமிடம் படவேண்டும். உறையில் சுற்றிய கருவி என்றால் 30 நிமிடம். நீராவிதான் வேண்டும், இந்தச் சூட்டில் வறண்ட காற்று போதாது. இட்லிப் பானையைத் திறக்கும்போது கையில் ஆவி அடித்தவர்களுக்குக் காரணம் தெரியும்: ஆவி தோலில் பட்டுத் தண்ணீராகும்போது, தன்னுள் இருக்கும் வெப்பத்தை மொத்தமாகக் கொட்டிவிடுகிறது. வறண்ட சூட்டில் இதே வேலைக்கு 160 டிகிரியில் 2 மணி நேரம் ஆகும்.

சிக்கல் பிரஷர் முள்ளில் இருக்கிறது. உள்ளே இருந்த காற்று முழுக்க வெளியேறாவிட்டால், முள் (சதுர அங்குலத்துக்கு) 15 பவுண்டு அழுத்தம் காட்டினாலும் சூடு 121-ஐத் தொடாது. பாதிக் காற்று தங்கினாலே 112 டிகிரியோடு நின்றுவிடும்.

அப்புறம் நம் ஊரின் உயரம். பெங்களூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் மேலே இருக்கிறது. காற்றழுத்தம் குறைவு, தண்ணீர் 97 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது. முள் காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதைத்தான். அதனால் சென்னையில் 121 டிகிரி தரும் அதே 15 பவுண்டு, இங்கே ஏறக்குறைய 119-தான் தரும். 2 டிகிரிதானே என்று தோன்றும். ஆனால் அதே அளவு ஸ்போர்களைக் கொல்ல அங்கே ஆகும் நேரத்தைப்போல் ஒன்றரை மடங்கு பிடிக்கும்! இங்கே முள்ளைப் பதினாறரைக்கு ஏற்றவேண்டும். வெப்பத்தையே அளந்து ஓடும் புது மெஷின்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. பழைய, முள்ளை மட்டும் நம்பும் மெஷின்களுக்கு உண்டு.

சரி, கிருமி செத்தது என்பதற்கு எது சாட்சி? கிருமியேதான். ஜியோபேசில்லஸ் ஸ்டியரோதெர்மோஃபிலஸ் என்ற, சூட்டை அசாத்தியமாகத் தாங்கும் பாக்டீரியாவின் ஸ்போர்களை ஒரு சின்னக் குப்பியில் போட்டுக் கருவிகளோடு வைத்து ஓட்டுவார்கள். இந்த பாக்டீரியா மனிதர்களுக்கு நோய் தருவதில்லை. பிறகு குப்பியை 55 டிகிரி வாக்கில் கதகதப்பாக வைப்பார்கள். ஒன்றிரண்டு பிழைத்திருந்தால்கூட அவை பெருகி அமிலம் சுரக்கும். ஊதா திரவம் மஞ்சளாகும். ஆட்டோகிளேவுக்குள் போகாத இன்னொரு குப்பியையும் பக்கத்தில் வைப்பார்கள். அது மஞ்சளாகியே தீரவேண்டும். ஆகவில்லை என்றால் குப்பிகளே பழுது. முதல் குப்பியின் ஊதாவை நம்பமுடியாது. இந்த இரண்டாவது குப்பியைத்தான் நான் மிகவும் ரசிக்கிறேன்.

மற்றவை கண்ணாலேயே பார்க்கக்கூடியவை. கர்நாடகத்தின் 2007-ஆம் ஆண்டுத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் சட்டப்படி வாங்கிய பதிவுச் சான்றிதழ் சுவரில் தொங்கவேண்டும். ஊசிகள் துளைபடாத வெள்ளை டப்பாவில், ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சள் பையில்.

அடுத்த முறை போனபோது ஸ்போர் சோதனை நோட்டைக் காட்டமுடியுமா என்று கேட்டேன். டாக்டர் சிரித்துக்கொண்டே எடுத்துத் தந்தார். தேதி, ஊதா, மஞ்சள், கையெழுத்து. அம்மா எட்டிப் பார்த்துவிட்டு, "இதுல என்னடா இருக்கு, பால் கணக்கு மாதிரி" என்றார்.